போர்டில் ஏறிய மச்சான்

எங்கள் பயிற்சி மையத்தில் இங்கிலீஷ் வாத்தியாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ப்ளைவுட் தடுப்புதான். இந்தப்பக்கம் நான் கணக்கு நடத்துவேன். அந்தப்பக்கம் அவர் தன் மச்சானின் மானத்தை வாங்குவார். நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வந்த என் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் காது அந்தப்பக்கம்தான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே அப்படித்தான்.

பிழை கண்டுபிடிக்கும் கேள்விக்காக அவர் போர்டில் எழுதும் தப்பு வாக்கியம் ஒவ்வொன்றிலும் நாயகன் அவர் மனைவியின் தம்பிதான். வேலை வெட்டி இல்லாமல் அவர் வீட்டு சோபாவில் குடியிருப்பவன். 'சோபாவில் படுத்துக்கொண்டே, டிவி என் மச்சானைப் பார்த்தது' என்று எழுதிவிட்டு, "படுத்திருந்தது யாரு? டிவியா?" என்பார்.

"மச்சான்!" என்று வகுப்பே கத்தும்.

"அப்போ கமாவுக்கு அடுத்து அவனைக் கொண்டாந்து நிறுத்து."

அட்வைஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் ஏன் எஸ் வராது? "எண்ண முடியாததுக்கு எஸ் கிடையாது. என் மச்சான் குடுத்த அட்வைஸை எவனாவது எண்ண முடியுமா?" இது பிள்ளைகளுக்கு எப்படி மறக்கும்?

அவர் தன் வகுப்பில் சேர்க்க மறுத்த ஒரே ஆள் அவர் மனைவி. அந்த அம்மா நர்ஸ். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை தயாராக இருந்தது. இங்கிலீஷ் தேர்வில் மட்டும் பாஸாக வேண்டும். இரண்டு முறை இலக்கணப் பகுதியில் கவிழ்ந்துவிட்டார். மிச்சம் ஒரே வாய்ப்பு. அதுவும் போனால் அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான். வீட்டிலேயே சொல்லித் தருகிறேன் என்பார் வாத்தியார். வீட்டில் முதல் வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடும்.

ஒருநாள் டியூட்டி முடிந்த கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், அந்த அம்மா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் அவசரமாகப் போர்டை அழித்தார். 'பையன் பழம் சாப்பிடுகிறான்' என்று எழுதினார். அடுத்து, 'பெண் பழம் சாப்பிடுகிறாள்.' வகுப்பு கொட்டாவி விட்டது.

"சார், மச்சான் எங்க சார்?" என்றாள் ஒருத்தி.

"எந்த மச்சான்?" என்றது கடைசி பெஞ்ச்.

நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"சாரோட மச்சான்க்கா! சோபாவுலயே படுத்திருப்பாரே, அவரு."

"இவருக்கு இருக்கிறது ஒரே மச்சான். அது என் தம்பி." அந்தப்பக்கம் சாக்பீஸ் போர்டிலேயே நின்றுவிட்டது. "நிறுத்தாதீங்க சார், நடத்துங்க. நான் பாஸாகணும்."

நடத்தினார், பாவம். அந்த அம்மா மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். வீட்டில் பேச்சுவார்த்தையே கிடையாது என்று வாத்தியார் என்னிடம் புலம்பினார். பிறகொரு நாள், என்றோ தொடங்கி இன்றுவரை ஓயாத ஒரு வேலையை எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டபோது அந்த அம்மா எழுந்து நின்றார்.

"நான் ஒரு உதாரணம் சொல்றேன் சார். கல்யாணமான நாள்லேர்ந்து என் வீட்டுக்காரர் துண்டைத் தேடிக்கிட்டே இருக்காரு."

ப்ளைவுட் ஆடியது. என் வகுப்பும் சேர்ந்துதான் சிரித்தது. அதற்குப் பிறகு மச்சானுக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று என்று போர்டு நிரம்பியது. இருவர் மானமும் சரிசமமாகக் கப்பலேறியது. அந்த அம்மா நல்ல மதிப்பெண்ணோடு பாஸானார். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டார்.

வீடு எப்படி இருக்கிறது என்று வாத்தியாரைக் கேட்டேன். "துண்டு எடுத்துத் தர ஆளில்ல" என்றார். எனக்கே கஷ்டமாகிவிட்டது. வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன், ஆள் பாதியாகிவிடுவார் என்று பயந்தேன். ஆகவில்லை. மதியம் அவர் டப்பாவைத் திறந்தால் ஆவி பறந்தது. யார் சமைத்தது என்று கேட்டால் ஊறுகாயை என் பக்கம் தள்ளினார்.

புது பேட்ச் வந்தது. மச்சான் புகழ் அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. முதல் நாளே கேட்டார்கள். அந்தப்பக்கம் சாக்பீஸ் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் நகர்ந்தது. பிறகு அவரே வாசித்தார்: 'என் மச்சான் தினமும் எனக்குச் சமைத்துப் போடுகிறான்.'

பிள்ளைகள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் ஒருத்தி கேட்டாள்: "இதுல தப்பு எங்க சார்?"

"தப்பு இல்ல," என்றார் வாத்தியார். "எழுதிக்கோங்க."