மூன்றாவது அடியில் ஒரு பேர்

செத்தவர்களை எனக்குத் தெரியாது, ஆனால் அவர்களுக்காகப் பாடுவது என் பிழைப்பு. கள்ளக்குறிச்சியைச் சுற்றி, தியாகதுருகம் தொடங்கி ரிஷிவந்தியம் வரை, கருமாதிப் பந்தலில் ஸ்பீக்கர் வழியாக ஒரு பெண்குரல் ஒப்பாரி வைத்தால் அது பெரும்பாலும் நான்தான். மெட்டும் வரியும் என்னுடையவை. செத்தவர் அப்பாவா, அண்ணனா, புருஷனா என்று கேட்டுக்கொள்வேன். வீட்டு ஆட்கள் சீட்டில் எழுதித் தரும் பேரை மூன்றாவது அடியில் வைத்துப் பாடி, பென்டிரைவில் போட்டுக் கொடுப்பேன். மூன்றாவது அடியில் பேர் வரவேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட வழக்கம். அந்த இடத்தில்தான் பந்தலில் பெண்கள் உடைவார்கள். உடையாத பந்தலை நான் பார்த்ததில்லை, கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

பாட்டு நான், பதிவு என் வீட்டுக்காரர். பின்னறைச் சுவரில் பழைய மெத்தைகளை அடித்து, அதற்கு ஸ்டுடியோ என்று பேர் வைத்தவர் அவர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலைத் தூக்குவார், நான் தொடங்குவேன். அவர் போய் மூன்று வருடமாகிறது. இப்போது நானே பட்டனைத் தட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மைக்குக்கு ஓடி, மூச்சு அடங்கும்வரை நின்று பாடுகிறேன். முடித்து நிமிர்ந்தால் எதிரே வெறும் நாற்காலி. எப்படி இருந்தது என்று கேட்க ஆளில்லை. எல்லாம் பழகிவிடும் என்றார்கள். எனக்குப் பழகவில்லை.

இந்த வருடம் அயர்லாந்திலிருந்து ஒரு பாடகி எழுதினார். யாரோ என் ஒப்பாரியை யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள், அதைக் கேட்டாராம். அவர் எழுதியதை என் போன் தமிழில் மாற்றிக் கொடுத்தது. "மதிப்பிற்குரிய துக்கப் பாடகியே" என்று தொடங்கியது. வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அவருக்கும் ஏறக்குறைய என் வயது. இருபது வயதில் மதுக்கடைகளில் கிட்டாரை வைத்துக்கொண்டு நாட்டுப்பாட்டு பாடியவர், பிறகு சொந்தமாகவும் எழுதினார். முதல் ஆல்பத்தில் கம்பெனிக்காரர்கள் வாத்தியத்தை அடுக்கி அவர் குரலையே மூழ்கடித்துவிட்டார்களாம். கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, மாட்டுக்கொட்டகையில் கருவிகளை வைத்து ஒவ்வொன்றாகக் கற்றிருக்கிறார். பத்துப் பதினைந்து வருடமாக அவரே எழுதி, அவரே பாடி, அவரே பதிந்து வெளியிடுகிறார். அடுத்தவர்கள் பாட்டையும் தயாரித்துக் கொடுக்கிறார். அந்தக் கொட்டகையில் அவரும் தனிதான். ஏழு கடலுக்கு அப்பால் ஒருத்தி பட்டனைத் தட்டிவிட்டு மைக்குக்கு ஓடுகிறாள் என்று நினைக்க எனக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் நாட்டிலும் ஒரு காலத்தில் சாவு வீட்டில் பெண்கள் கூலிக்கு அழுது பாடியிருக்கிறார்கள். அந்த மாதிரிப் பாட்டுகளை வைத்து ஒரு ஆல்பம் தயாரிக்கிறார், அதில் எனக்கு ஒரு இடம் வைத்திருக்கிறார். நிபந்தனை ஒன்றே ஒன்று. வாடிக்கையாளருக்குப் பாடியது வேண்டாம், உங்கள் சொந்த வீட்டுச் சாவைப் பாடி அனுப்புங்கள் என்றார். மாதக் கடைசி வரை காத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்.

எனக்குச் சொந்தச் சாவு என்றால் என் வீட்டுக்காரர்தான். அவருக்கு நான் பாடவில்லை. கருமாதியன்று பந்தலே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போதும் பாடாவிட்டால் இனி எப்போதும் பாடப்போவதில்லை என்று தோன்றியது. ஒரே மத்தியானத்தில் வரிகளைக் கட்டிவிட்டு மைக் முன்னால் நின்றேன். இரண்டு அடி போனது. மூன்றாவது அடியில் நாக்கு எழவில்லை.

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என்னை வளர்த்தார்கள். இன்றைக்குப் பெண்கள் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், ஆண்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நான் முப்பது வருடத்தில் ஒருமுறை சொன்னதில்லை. ரேஷன் கடையில் கார்டை நீட்டுவேன். கோயில் அர்ச்சனையில் அவரே சொல்லிக்கொள்வார். இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது, "பேரு இன்னா, சொல்லுங்கம்மா" என்று கிளார்க் கேட்டார். அப்போதும் அவருடைய ஆதார் அட்டையைத்தான் நீட்டினேன்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, நானும் பழியை ரோட்டின்மேல் போட்டேன். கரும்பு டிராக்டர்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகும்போது எப்படிப் பாடுவது? அதற்கு முந்தின மாதம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்து தன் புருஷனுக்கு ஒப்பாரி பதிந்து போயிருந்தாள். அதற்குப் பிறகு வேறு வேலை வரவில்லை. அவளிடம் போனில் புலம்பினேன்.

"எங்க வூட்டாண்ட வாக்கா. இங்க ஒரு சத்தமும் கெடையாது," என்றாள்.

சின்ன ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். அவள் வீடு அங்கிருந்து இன்னும் உள்ளே, மரவள்ளிக் கொல்லையை ஒட்டி இருந்தது. சாமைச் சோறு போட்டாள். பிறகு என்னை உள்ளே விட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். ரெக்கார்டரைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். இந்தமுறை எங்கும் நிற்காமல், மூன்றாவது அடியையும் தாண்டிக் கடைசிவரை பாடிவிட்டேன். உடம்பே லேசாகிவிட்டது.

வெளியே வந்தால் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஆளு பேரை இன்னொருவாட்டி பாடினியேக்கா. இதுக்காவவா இம்மாந்தூரம் பஸ் புடிச்சி வந்த?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே போய் ஓடவிட்டுக் கேட்டேன். உண்மைதான். காலியாக இருந்த இடத்தில், பழக்கதோஷம், கடைசியாக வந்த சீட்டின் பேரை நாக்கு தானாக எடுத்து வைத்திருக்கிறது. என் கணவருக்கு நான் கட்டிய வரிகளில் இன்னொருத்தி கணவர் படுத்திருந்தார்.

"ஆமாம்மா, ஒனக்காகத்தான்," என்றேன். வேறென்ன சொல்ல?

"மூணு பொம்பளைங்க அழுதுகினு இருந்தாங்க கருமாதி அன்னிக்கு. நான் அழுவல. இப்பதான் வந்துச்சி," என்றாள். அந்தப் பதிவை அவள் போனிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டு, என் ரெக்கார்டரிலிருந்து அழித்தேன்.

கீழே இறங்கும் பஸ்ஸில் எனக்கு என்மேல் அவ்வளவு கோபம். யார் யார் பேரையோ ஊரெல்லாம் கேட்கப் பாடியவள், ஒரு மனுஷன் பேரை மட்டும் இப்படிப் பொத்திப் பொத்தி வைத்து என்ன காப்பாற்றினேன்? கேட்டுப் பார்த்தால் பதில் எனக்கே தெரிந்திருந்தது. அவர் ஆயுசைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். சாம்பலைக் கரைத்த பிறகும், சான்றிதழ் வாங்கிப் பீரோவில் வைத்த பிறகும், நான் பேரைச் சொல்லாதவரை அந்த ஆயுசில் ஏதோ கொஞ்சம் மிச்சமிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, சமையலைக்கூட முடிக்காமல் பின்னறைக்குப் போனேன். டிராக்டர்கள் போய்க்கொண்டுதான் இருந்தன, போகட்டும் என்று விட்டுவிட்டேன். முதலில் பாடவில்லை. மைக் முன்னால் நின்று, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல, அவர் பேரை ஒருமுறை சொன்னேன். என் வாயில் அது எப்படிக் கேட்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது. பதிலுக்கு யாரும் "இன்னா" என்று கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் செத்தார். கீழே உட்கார்ந்து, முதல் அடியிலிருந்து தொடங்கி, அவருக்கு ஒப்பாரி வைத்தேன்.