முக்காலியின் கருப்புக் கண்ணாடி

ஏரிக்கரையில் தினமும் நடக்கிறீர்களே, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று நுரை அள்ளும் பெண்கள் எத்தனை பேர் என்று ஒருநாளாவது எண்ணியிருக்கிறீர்களா? பதினோரு பேர். நீர்வள அலுவலகத்தைக் கேட்டால் பூஜ்யம் என்பார்கள். அந்தப் பூஜ்யத்தை உண்டாக்கியவர் எனக்குத் தெரிந்த மனிதர். நல்ல மனிதர் என்பதுதான் வேடிக்கை.

எங்கே போனாலும் கேமராவின் மூன்று கால் தாங்கியைத் தோளில் சுமப்பதால் அவருக்கு முக்காலி என்று பெயர். அந்த அலுவலகத்தின் ஒரே படப்பிடிப்பாளர். பதினெட்டு ஆண்டுகளில் குழாய் உடைப்பு, ரிப்பன் வெட்டு, அதிகாரியின் இடது கன்னம் (வலது கன்னத்தில் மரு) எல்லாவற்றையும் எடுத்தவர். ஆண்டறிக்கையின் ஏழாம் பக்கத்தில் மட்டும் ஏரி முழுவதும் தெரிய வேண்டும். அதற்கென்று ஓர் அகலக்கோண லென்ஸ்.

"தண்ணி பட்டு விரிச்ச மாதிரி இருக்கணும்யா" என்பது அதிகாரியின் ஆணை.

அதற்கு லென்ஸின் முன்னால் கருப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். என்.டி. ஃபில்டர் என்பார்கள். நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும். கொள்முதல் குழுவின் ஏழு பேர் மூன்று கூட்டம் நடத்தி, திருகினால் கருமை கூடிக் குறைகிற ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் ஒன்றிலேயே அடங்குகிறதாம். அகலக்கோண லென்ஸில் அதை முழுக்கத் திருகினால் படத்தின் குறுக்கே கரும்பட்டைகள் விழும் என்று முக்காலி தலைபாடாக அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? விழுந்தது. ஏரிக்கு மேலே, வானத்தில், கருப்பாக ஒரு பெருக்கல் குறி.

அதிகாரி வெலவெலத்துப் போனார். "கெட்ட சகுனம்யா இது!" பொறியியல் பட்டம் பெற்ற அந்த மனிதர் ஒரு மாதம் பின்வாசல் வழியாக அலுவலகத்துக்கு வந்தார்.

அதன் பிறகுதான் முக்காலி கேட்டது கிடைத்தது. கருமை மாறாத மூன்று கண்ணாடிகள்: மூன்று ஸ்டாப், ஆறு ஸ்டாப், பத்து ஸ்டாப். ஸ்டாப் கூடக் கூடக் கருமை கூடும். படத்தின் மூலைகள் இருட்டாமலிருக்க மெல்லிய சட்டம். அதிகாரி பத்தைப் பிடித்துக்கொண்டார். அது வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். ஆகவே படம் பதிய கேமராவின் ஷட்டர் முப்பது வினாடி திறந்திருக்க வேண்டும். அதற்குள் அலை பட்டாகிவிடும், நுரை மூடுபனியாகிவிடும். குனிந்து நிமிர்ந்து ஓயாமல் அள்ளுகிறவர்கள் கரைந்தே போவார்கள். படத்துக்குப் பரிசு கிடைத்தது. முக்காலிக்குத் தலைகால் புரியவில்லை.

கரைந்துபோனவர்களில் ஒருவர் அவருடைய அக்கா. கால்களில் புண் வந்து, முழங்கால் பூட்ஸ் கேட்டுப் பதினோரு பேரும் மனுக் கொடுத்தார்கள். பதில் வந்தது: "ஏரியில் மனிதர் எவரும் இறங்குவதில்லை. இயந்திரமே சுத்தம் செய்கிறது. ஆதாரம்: ஆண்டறிக்கை, பக்கம் ஏழு." இயந்திரம் கொட்டகையில் உறை பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது.

அக்கா அந்தக் கடிதத்தோடு தம்பி வீட்டுச் சமையலறைக்கு வந்து, காலை ஸ்டூலின் மேல் தூக்கி வைத்தார்.

"பாருடா. உன் படத்துல இல்லாத கால் இது."

"நான் உன்னை அழிக்கலக்கா. நீ அசைஞ்சுக்கிட்டே இருந்தே, அதான் விழல."

"அடப்பாவி! நின்னா மேஸ்திரி கத்துறான், அசைஞ்சா உன் பொட்டி முழுங்குது. நான் எங்கடா போறது?"

"மூணு ஸ்டாப் போட்டா விழுவீங்க. ஆனா தண்ணி பட்டா வராது. அதிகாரி படத்தைத் திருப்பி அனுப்பிடுவாரு."

"பத்தே போடு. எவ்வளவு நேரம் அசையாம நிக்கணும்?"

"முப்பது செகண்டு."

"அவ்வளவுதானா? சும்மா இருக்கிறதுக்கு உங்க ஆபீசுல பயிற்சி எடுத்துட்டு வரணுமோன்னு பாத்தேன்!"

அடுத்த படப்பிடிப்பு நாளில் அதிகாரி காருக்குள்ளேயே இருந்தார். கண்ணாடியை விரற்கடை இறக்கி, "பத்துதானே போட்டிருக்கே?" என்றார்.

"பத்துதான் சார்."

அதில் பொய் இல்லை. முக்காலி கையைத் தூக்கினார். பதினோரு பெண்களும் கூடைகளோடு நிமிர்ந்து அப்படியே நின்றார்கள். மேஸ்திரி மட்டும், "என்ன, எல்லாருக்கும் பைத்தியமா?" என்று கத்திக்கொண்டு கரையில் இங்குமங்கும் ஓடினார். ஓடியதால் அவர் படத்தில் விழவே இல்லை.

தம் படம் இருக்கும் முதல் பக்கத்தைத் தாண்டி அறிக்கையைப் பார்க்கும் வழக்கம் அதிகாரிக்கு இல்லை. கையெழுத்துப் போட்டார், அச்சாகிவிட்டது. ஏழாம் பக்கத்தில் பட்டுத் தண்ணீர், அதன் நடுவே பதினோரு பேர். பெண்கள் மறுபடியும் மனுக் கொடுத்தார்கள். ஆதாரம்: ஆண்டறிக்கை, பக்கம் ஏழு.

பூட்ஸ் வரவில்லை. முக்காலிக்குக் குறிப்பாணை வந்தது. இல்லாத ஆட்களைப் படத்தில் சேர்த்தாராம். வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே படம் சாட்சியாகாது, வேறு ஆதாரம் வேண்டுமாம். யாருமில்லை என்று சொல்ல ஒரு படம் போதுமானதாக இருந்தது. பதினோரு பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல மட்டும் அது போதாது!

வேறு ஆதாரம் உங்களிடம் இருக்கிறது. காலை வெயிலில் கழுத்தைச் சாய்த்துக் கரையில் நீங்கள் எடுத்துத் தள்ளுகிற படங்களுக்குக் கருப்புக் கண்ணாடி கிடையாது. வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நீர்வள அலுவலகத்தில் விசாரணை. உங்கள் தோளுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், கூடையோடு குனிந்திருப்பவர்களை இன்றே போனில் தேடுங்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள்.