கண்ணாடி வீட்டில் ஒரு தவறணை

பதுளைப் பூங்காவில் ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது. துரைமார் காலத்துக் கட்டடம் என்று பெருமையாகப் பலகை மாட்டியிருக்கிறார்கள். குளிர் நாட்டில் பூவுக்குக் குளிருமே என்று கண்ணாடி வீடு கட்டினால் அதில் நியாயம் உண்டு. பதுளை வெயிலில் எந்தப் பூ நடுங்கியது என்று துரையிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. உள்ளே நுழைந்தால் இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அங்கே வைத்துத்தான் போன வருடம் என்னைப் பெண் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். வங்கியில் எனக்குப் பக்கத்து மேசை. நாங்கள் இருவரும் எப்போதோ பேசி முடித்துவிட்ட கல்யாணத்துக்கு அவருடைய அம்மாவின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. அந்தச் சம்மதம் எனக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பல்லை இளித்தாவது வாங்கிவிடும் அளவுக்கு வேண்டியிருந்தது. "வீட்டுக்கே வாங்க, அப்பா கோழி அடிச்சு ஆக்குவாரு" என்றேன். "அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. உங்கட மடுல்சீமை ரோட்டும் சரியில்லை. பூங்காவில சந்திப்பம்" என்றார். ரோடு சரியில்லை என்பது ஊரறிந்த உண்மை. அதனால் நம்பிவிட்டேன்.

அப்பா அந்த வெக்கையில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கழற்றச் சொன்னால் சம்பந்தி வீட்டாருக்கு மரியாதை இல்லையாம். மாப்பிள்ளையின் அம்மையார் விசிறியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பா தொட்டிகளையும் கூரையையும் சுற்றிப் பார்த்தார். வாய் சும்மா இருக்குமா?

"நம்ம தவறண மாதிரியே இருக்குங்க. என் காலமெல்லாம் தவறணையிலதாங்க போச்சு."

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தவறணை என்றால் தேயிலைக் கன்று வளர்க்கும் இடம். யாழ்ப்பாணத்தில் தவறணை என்றால் கள்ளுக்கடை. இரண்டும் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை அங்கே மாப்பிள்ளைதான். முன்பு இந்தச் சொல்லை வைத்து வயிறு வலிக்கச் சிரித்து என்னைக் கேலி செய்தவரும் அவரே.

அம்மையாரின் விசிறி நின்றது. "உங்கட சொந்தத் தவறணையோ?"

"சொந்தம் மாதிரித்தாங்க. சாவி எங்கிட்டதான் இருக்கும். இந்தப் புள்ளயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கதான் தண்ணி ஊத்தும்."

சிரிப்பு எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. திருத்தட்டும் என்று மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் ஒரு ஓர்கிட் செடியின் பெயர்ப்பலகையை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டே சொற்கள்தான் இருந்தன.

அம்மையார் கொஞ்சம் முகம் சுளித்தார், கொஞ்சம் கணக்குப் போட்டார், பிறகு சிரித்தார். "பரவாயில்லை, கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்திருக்கிறியள். எங்கட ஊரிலயும் ஒருத்தர் தவறணை எடுத்து நடத்தி நாலு வீடு கட்டினவர்." பையைத் திறந்து அப்பாவுக்குப் பனங்கட்டிகூட எடுத்துக் கொடுத்தார்.

அப்பா பனங்கட்டியைக் கையில் வைத்தபடி திகைத்துப் போனார். "தேயிலக் கன்னு வளத்து நாலு வீடா? எங்களுக்குத் தோட்டத்து லயத்து வரிசையில ஒரு காம்பராதாங்க குடுத்தாங்க."

விசிறி மறுபடி நின்றது. அம்மையார் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்பாவின் கோட்டைப் பார்த்தார்.

"அப்ப நீங்கள் தோட்டத்து ஆக்களோ?"

"ஆமாங்க" என்றார் அப்பா, சந்தோஷமாக.

அதற்குப் பிறகு அம்மையாருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. ஆனால் எழுந்து போன வேகத்தைப் பார்த்தால் மடுல்சீமை மலையையே நடந்து ஏறியிருக்கலாம். அப்படி ஒரு நடை வாசலுக்கு.

"அம்மாகிட்ட என்ன சொல்லி வச்சிருந்தீங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"பதுளை ஆக்கள் எண்டு சொன்னனான்."

பொய்யில்லை. மடுல்சீமையும் பதுளை மாவட்டம்தான். தோட்டம் என்ற சொல்லை மட்டும் விழுங்கியிருக்கிறார்.

"கொஞ்சம் பொறும். அம்மாவை மெல்ல மெல்லச் சமாளிக்கிறன்."

"சமாளிங்க. ஆனா எனக்காக வேணாம்" என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பஸ் நிலையத்தில் அப்பாவுக்கு அந்தச் சொல்லின் இன்னொரு அர்த்தத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் பசறை தாண்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் புள்ள, கள்ளுக்கடக்காரன்னு நெனச்சப்பகூட அந்தம்மா நல்லாத்தானே சிரிச்சுப் பேசுனாங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.