நூறு சதவீத ஓரின்

என் கணவன் ஓரின் ட்வைட்டைப் பற்றி இந்தப் பாலைவனத்தில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவனோடு குடித்தனம் நடத்தவில்லை.

குவார்ட்சைட் ஊருக்கு வெளியே, மின்கம்பமோ குழாயோ இல்லாத வெட்டவெளியில், நவம்பரிலிருந்து மார்ச் வரை வண்டிக்குப் பின்னால் இழுத்துவந்த எங்கள் டிரெய்லர் வீடு நிற்கும். வடக்கே மொண்டானா பனிக்குப் பயந்து ஓடிவந்த எங்களைப் போன்ற கிழடுகள் சுற்றிலும் ஆயிரக்கணக்கில். நாலு குளிர்காலமாக ஓரின் இந்த டிரெய்லரில் வசதி செய்கிறேன் வசதி செய்கிறேன் என்று எதையாவது மாட்டிக்கொண்டே இருக்கிறான். கூரை முழுக்க சோலார் பேனல். கட்டிலுக்கு அடியில், என் கம்பளிகள் இருந்த இடத்தில், ஆறு பேட்டரிகள். சோபா இருந்த இடத்தில் இரண்டாவது தண்ணீர்த் தொட்டி. ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்து உட்காரப் போகிறேன், சோபாவைக் காணோம்.

"வெளியில நாற்காலி இருக்கே" என்றான்.

இத்தனையும் செய்து வைத்தவன், அதில் எதையாவது அனுபவிக்க விட்டானா? கதவோரம் ஒரு மீட்டர் மாட்டியிருக்கிறான். பேட்டரியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று காட்டும். அது நூறில் நிற்கவேண்டும். தொண்ணூற்று ஏழுக்கு வந்தால், யார் வீட்டிலோ சாவு விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். டோஸ்டரும் கெட்டிலும் அலமாரி மேல் தூங்கின. ஹீட்டர் கேஸில்தான் எரிகிறது, ஆனால் அதன் விசிறி பேட்டரியைத் தின்கிறதாம், அதனால் அதுவும் கூடாது. பாத்திரம் கழுவுவது, செடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற புட்டியால். குளிக்கப் போனால், வெந்நீர் வரும்வரை விழுகிற பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்து கக்கூஸுக்கு ஊற்றவேண்டும். தலைக்குக் குளிப்பது பத்து நாளைக்கு ஒருமுறை. அதற்கும் அவனிடம் சொல்லிவிட்டுத்தான்.

தினமும் நாலு மணிக்கு ஆண்கள் நாற்காலியை வட்டமாகப் போட்டு, அவரவர் பியரோடு உட்காருவார்கள். ஒரு தொட்டித் தண்ணீரில் யார் எத்தனை நாள் தாக்குப்பிடித்தார்கள் என்பதுதான் பேச்சு. ஒருவர் பன்னிரண்டு என்பார், இன்னொருவர் பதினாலு என்பார். ஓரின் மெதுவாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இருபத்தாறு" என்பான். எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். அந்த இருபத்தாறு நாளில் என் தலையில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை எவனும் கேட்கவில்லை.

அவன் ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தைச் சூடாக்குகிற கொதிகலனைப் பார்த்துக்கொண்டவன். வெளியே எச்சில் துப்பினால் உறைகிற ஜனவரிகளில், கொதிகலன் அறையிலேயே படுத்துக் கிடப்பான். அவன் காலத்தில் ஒருநாள்கூட அந்தப் பள்ளிக்கூடம் குளிர்ந்ததில்லை. வேலை முடிந்து ஆறு வருஷம் ஆகிறது, அந்த அறையை விட்டு அவன் இன்னும் வெளியே வரவில்லை. இதெல்லாம் புரிகிறது. புரிந்தால் மட்டும் குளிர் விட்டுவிடுமா?

"பேட்டரி காலையில பத்தரைக்கே நிறைஞ்சுடுதே ஓரின். அதுக்கப்புறம் அடிக்கிற வெயில் எங்க போகுது?" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

"மேகம் வந்தா?" என்பான். மேகத்தைப் பார்த்து பதினோரு வாரம் ஆகியிருந்தது.

பிப்ரவரியில் என் அக்கா மேக்ஸின் நாலு நாள் தங்க வந்தாள். மூன்று மணி நேரத் தூரத்தில், ப்ரெஸ்காட்டில் தனி வீடு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஓர் அறை காலி. "வந்துடுடீ" என்று இரண்டு வருஷமாகக் கூப்பிடுகிறாள். நான் ஓரினிடம் முன்கூட்டியே ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன்.

"இந்த நாலு நாள் இது மனுஷங்க இருக்கிற வீடா இருக்கணும். இல்லன்னா அவ கிளம்பறப்போ நானும் கார்ல ஏறிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

"சரி சரி" என்றான். அவள் வந்ததும் கையில் வாளியைக் கொடுத்தான்.

மேக்ஸின் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "குளிக்கவா, மாடு கறக்கவாடீ?" என்றாள். முதல் நாள் சிரித்தோம்.

இரண்டாம் நாள் மேகம் வந்தது. வந்ததோடு நிற்காமல் மூன்று நாள் விடாத மழை, ஊசிக் குளிர். அக்கம்பக்கத்து டிரெய்லர்களில் ஜெனரேட்டர்கள் உறுமின. மழையின் மூன்றாம் நாளும் எங்கள் மீட்டர் தொண்ணூற்றாறில் நின்றது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நாலு வருஷமாக அவன் எதற்காகச் சேர்த்தானோ, அந்த நாள் வந்துவிட்டது. மேக்ஸினின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஹீட்டர் பொத்தானில் கை வைத்தேன்.

"வேணாம் வெர்னா."

"இந்த நாளுக்காகத்தானே சேத்த?"

"இதவிட மோசமா வந்தா?"

அவனைத் தள்ளிவிட்டு ஹீட்டரைப் போட்டேன். அலமாரி மேலிருந்த கெட்டிலை இறக்கி வெந்நீர் வைத்தேன். டோஸ்டரில் ரொட்டியைச் செருகினேன். மேக்ஸினைத் தலைக்குக் குளிக்க அனுப்பினேன், வாளி இல்லாமல். பிறகு நான் குளித்தேன். தலை உலர்த்தும் மெஷினை இருவரும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டோம். ஏதாவது வெடிக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்வெர்ட்டர் லேசாக முனகியது, அவ்வளவுதான். அத்தனை அழகாகச் செய்து வைத்திருந்தான் பாவி. இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரைப் பார்த்தேன். எண்பத்தேழு.

ஒன்பது சதவீதம். நாலு குளிர்காலம் நான் நடுங்கியது இந்த ஒன்பதுக்காகத்தான்.

ஓரினும் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. "இப்ப அணைச்சுடலாமா?" என்றான்.

நான் அழவில்லை, கத்தவும் இல்லை. மறுநாள் காலை மழை விட்டதும் பெட்டியை மேக்ஸினின் காரில் ஏற்றினேன். அவன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எப்ப வருவ?"

"பேட்டரி பூஜ்யத்துக்கு வந்ததும் கூப்பிடு."

ப்ரெஸ்காட்டில் தினமும் இரண்டு தடவை குளித்தேன். சோபாவில் காலை நீட்டிப் படுத்தேன். போன் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். அவன் உயிரை வேண்டுமானால் விடுவான், அந்தச் சதவீதத்தை விடமாட்டான் என்று மேக்ஸினிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

ஒன்பதாம் நாள் காலை கூப்பிட்டான்.

"வெர்னா, முடியல."

"என்ன முடியல?"

"நீ சொன்ன நாள்லேருந்து பேட்டரிய காலி பண்ணப் பாக்கறேன். ஹீட்டர அணைக்கறதே இல்ல. லைட்டு பூரா எரியுது. டோஸ்டு தின்னு தின்னு வாயெல்லாம் புண்ணு. ரெண்டு வேளை குளிக்கிறேன், தண்ணி பிடிக்க நாலு தடவ போயிட்டு வந்துட்டேன்."

"அப்புறம்?"

"முப்பத்தெட்டுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. மத்தியானம் பாத்தா மறுபடியும் நூறு. எதிர்ல இருக்கறவன்லாம் எனக்குக் கிறுக்குப் பிடிச்சுடுச்சுங்கறான்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ஒரு ஆளால இதச் செலவு பண்ண முடியாது வெர்னா. ரெண்டு பேர் வேணும்."

"அட மடையா" என்றேன், "இதச் சொல்ல உனக்கு ஒம்பது நாளா?"

மேக்ஸின் என் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள்.