மூன்றாம் பேஸில் விழுந்த பந்து

1. முதல் மட்ச்

நான் ஸ்கோர் எழுதிய முதலாவது பேஸ்போல் மட்ச்சிலேயே ஒரு மனுசனின் சாதனையை அழித்துப்போட்டேன். தெரியாமல்தான். ஆனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

நாங்கள் வந்து குடியேறின இங்கே, புரோசார்ட் என்ற ஊர்ப்பக்கம், எங்கட பிள்ளைகள் இப்போது பேஸ்போல் விளையாடுகிறார்கள். அவர்களின் அம்மா அப்பாமாரை ஸ்கோர் எழுத வரச்சொல்லிக் கேட்கிறார்களாம். "ஓம்" சொல்லப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், பிழைகள் இருக்கலாம். ஆனால் நாலு தரம் வாசித்துப் பார்த்திருக்கிறேன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வெயர்ஹவுஸில் எனக்கு வேலை. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறவன் ரஃபாயெல், டொமினிக்கன் நாட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குப் பக்கத்து லீக்கில் அவன்தான் பிச்சர், அதாவது பந்து எறிகிறவன். அந்த லீக்கில் அவனைப்போல் ஒருத்தனும் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், ஊரில் கிரிக்கெட் மட்ச்சுகளுக்கு ஸ்கோர் எழுதினவன் நான் என்று வாயை விட்டுவிட்டேன். அவன் விடவில்லை.

"எங்கட ஸ்கோரர் சுகமில்லை எண்டு நிண்டிட்டான். மூண்டு மணித்தியாலம் ஒரு இடத்தில இருந்து பாத்து எழுத ஆள் இல்லை. நீ வா, சிவா."

போனேன். ஓடுகிறவன் சுற்றிவரவேண்டிய நாலு மூலைகளைத்தான் பேஸ் என்பார்கள். எட்டாவது இன்னிங்ஸில் ஒருத்தன் அடித்த பந்து இரண்டாம் பேஸில் நின்றவனிடம் நேராக உருண்டு போனது. அது அவன் காலுக்குள்ளால் போய்விட்டது. அடித்தவன் ஓடி முதல் பேஸில் நின்றான். நான் ஹிட், அதாவது அவன் அடித்துச் சம்பாதித்த பேஸ், என்று எழுதினேன்.

கிரிக்கெட் தெரிந்த ஆர் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார். கிரிக்கெட்டில் ஃபீல்டர் பந்தை விட்டாலும் ஓட்டம் அடித்தவனுக்குத்தான். விட்டவனை நாலு பேர் பேசுவார்கள், புத்தகத்தில் ஒன்றும் ஏறாது. பேஸ்போலில் ஏறும். சாதாரண முயற்சியில் பிடித்திருக்கவேண்டிய பந்தை விட்டால் அடித்தவனுக்கு ஹிட் இல்லை. விட்டவனின் பெயரில் ஒரு பிழை. E என்று போட்டு, பக்கத்தில் அவன் நிற்கிற இடத்தின் இலக்கத்தை எழுதவேண்டும். பிச்சர் 1, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இப்படி ஒன்பது வரைக்கும் இருக்கிறது.

ஒரு மட்ச் முழுக்க ஒரு ஹிட்டும் கொடுக்காத பிச்சருக்கு நோ-ஹிட்டர் என்ற பெயர் கிடைக்கும். நல்ல நல்ல பிச்சர்மாரே அது ஒருக்காலும் கிடைக்காமல் விளையாட்டை விட்டுப் போகிறார்கள். பிழை எத்தனையும் இருக்கலாம், ஹிட் இருக்கக்கூடாது. அது ஹிட்டா பிழையா என்று முடிவுசெய்வது அம்பயர் இல்லை, ஸ்கோரர்.

மட்ச் முடிய எல்லாரும் ரஃபாயெலின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அப்போது அங்கே ஸ்கோர்போர்ட் இல்லை, நான் ஹிட் என்று எழுதினது ஒருத்தருக்கும் தெரியாது. வென்றதுக்கு ஊற்றுகிறார்கள் என்று நினைத்து நானும் கைதட்டினேன்.

மூன்றாம் நாள் லீக் டைரக்டர் மார்செல் போன் எடுத்தார். அவர் பிரெஞ்சில்தான் கதைப்பார், நான் எங்கட தமிழில் எழுதுகிறேன்.

"மிஸ்யூ சிவா, நீங்கள் ஒரு ஹிட் எழுதியிருக்கிறீங்கள்."

"ஓம். காலுக்குள்ளால போனது."

அவர்தான் விளங்கப்படுத்தினார்: அந்த மட்ச்சில் இருந்த ஒரே ஹிட் அதுதான், அதுவும் பிழை என்று எழுதியிருக்கவேண்டியது. "மாத்துங்கோ, இப்பவே மாத்துங்கோ" என்றேன்.

"ஏலாது. ஸ்கோரர் தன்ர முடிவை மாத்த இருபத்திநாலு மணித்தியாலம்தான். அது தாண்டினால் கடவுள் வந்தாலும் மாத்தேலாது. விதி எண்டால் விதி."

இந்தச் சொல்லை ஞாபகம் வைத்திருங்கள்.

ரஃபாயெல் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பொரித்த வாழைக்காய் இரண்டு துண்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னான்: "அடுத்த முறை கேள், மடையா."

2. இரண்டு பேருக்கு ஒரு பந்து

அதுக்குப் பிறகு விதிப்புத்தகத்தை வாங்கி, பிரெஞ்சும் இங்கிலீசும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பதினொரு வருசம் ஸ்கோர் எழுதினேன். அதுக்குள் ரஃபாயெல் இரண்டு தரம் நோ-ஹிட்டருக்குக் கிட்டப் போனான். ஒரு தரம் கடைசி இன்னிங்ஸில் ஒரு பந்து ஒருத்தருக்கும் எட்டாத இடத்தில் போய் விழுந்தது. அது உண்மையான ஹிட். மற்றத் தரம் ஏழாவது இன்னிங்ஸில் மழை கொட்டி மட்ச்சையே நிற்பாட்டிவிட்டார்கள். இரண்டு தரமும் எனக்கு அந்த முதல் மட்ச்தான் ஞாபகம் வந்தது. இவனிடம் ஒன்று இருந்தது, அதை எடுத்துப்போட்டவன் நான்.

அவனுக்கு வயது நாற்பதைத் தாண்டியது. தோள்மூட்டு போய்விட்டது. இதுதான் கடைசி சீசன் என்றான்.

ரஃபாயெலின் ரீமில், அதாவது அணியில், மூன்றாம் பேஸில் விளையாடுகிறவன் ஒலிவியே. டைரக்டர் மார்செலின் அக்காவின் மகன், முப்பது வயதுக்காரன், நல்ல விளையாட்டுக்காரன். அந்த சீசன் முழுக்க அவன் பெயரில் ஒரு பிழையும் இல்லை. அந்த லீக்கில் மூன்றாம் பேஸில் அப்படி ஒருத்தனும் ஒரு சீசனை முடித்ததில்லை. மார்செல் அதுக்கு ஒரு கேடயமும் செய்யக் கொடுத்துவிட்டார். பெயரும் அதில் பொறித்தாச்சு.

கடைசி ஞாயிறு, கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் போனால் மட்ச் முடிந்தது. ரஃபாயெல் அதுவரைக்கும் ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. பந்து ஒலிவியேயிடம் போனது, நெஞ்சு உயரத்துக்கு. கையுறையில் பட்டு வெளியே குதித்து விழுந்தது. அடித்தவன் முதல் பேஸில்.

மைதானம் முழுக்கத் திரும்பி என் பெட்டிக்கடை மாதிரிப் பலகை அறையைப் பார்த்தது. ஸ்கோர்போர்ட்டில் இரண்டு பொத்தான், ஹிட்டுக்கு ஒன்று, பிழைக்கு ஒன்று. ஹிட் என்றால் ரஃபாயெலின் நோ-ஹிட்டர் போகும், பிழை என்றால் ஒலிவியேயின் கேடயம் போகும். நான் பிழையை அமத்தினேன். தாளில் பென்சிலால் E5 என்று எழுதினேன். ரஃபாயெல் அடுத்த ஆளை மூன்றே பந்தில் அவுட்டாக்கி அனுப்பினான். அப்போது மணி நாலு.

3. இருபத்திநாலு மணித்தியாலம்

தண்ணீர் ஊற்றி முடிய முதலே மார்செல் என் அறை வாசலில் நின்றார்.

"மிஸ்யூ, அது கஷ்டமான பந்து. யோசியுங்கோ. நாளைக்கு நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

பின்னேரத்துக்குள் அவரிடமிருந்து மூன்று போன். பிறகு ஆரோ முதல் பேஸ் பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ ஒன்றையும் அனுப்பினார். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு தரம் பார்த்தால் பந்து மண்ணில் குத்தி எழும்பினமாதிரி இருந்தது. இன்னொரு தரம் பார்த்தால் நேராக வந்தமாதிரி.

"இஞ்சேருங்கோ, புட்டு ஆறுது" என்றா என் மனிசி. "எத்தினை தரம் பாத்தாலும் அந்தப் பந்து கைக்குள்ள வரப்போகுதோ?"

"உமக்கு விளங்காது."

"எனக்கு நல்லா விளங்குது. அடுப்பு அணைச்சதையே மூண்டு தரம் பாக்கிற ஆளிட்டயோ உவங்கள் உந்த வேலையைத் தந்தவங்கள்? அவர் டைரக்டர். ஹிட் எண்டு எழுதிவிட்டிட்டு நிம்மதியா இருங்கோ."

"நிம்மதியோ? நானோ?"

அவவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம் ரஃபாயெல் வந்து முன்னால் இருந்தான். சந்தோசமாக வருவான் என்று நினைத்தேன். முகம் கல்லு.

"ஒண்டு கேக்கிறன். நேற்று நீ பிழை எண்டு போட்டது, அண்டைக்கு நீ செய்ததுக்கு ஈடாவோ?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ரீம் முழுக்க அப்பிடித்தான் கதைக்கிறாங்கள். சிவா பாவம் பாத்துத் தந்தவன் எண்டு. அப்பிடி எண்டால் எனக்கு வேண்டாம். மாத்து. பிச்சையாக் கிடைச்ச நோ-ஹிட்டரை வச்சு நான் என்ன செய்யிறது?"

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததென்று தெரியாது. பதினொரு வருசம் அடக்கினது எல்லாம் சேர்ந்து வந்திருக்கவேணும். மேசையில் அடித்தேன், தேத்தண்ணி கவிண்டது.

"மார்செல் என்னைப் பற்றிக் கேக்கிறார். நீயும் என்னைப் பற்றிக் கேக்கிறாய். நான் பயந்தனோ, பாவம் பாத்தனோ எண்டு. ஒருத்தராவது அந்தப் பந்தைப் பற்றிக் கேட்டனீங்களோ?"

"சரி, கேக்கிறன். பந்து என்ன?"

போனை எடுத்து அவனுக்கு வீடியோவைப் போட்டேன். பந்தைப் பார்க்காதே, ஒலிவியேயின் தலையைப் பார் என்றேன். பந்து கையுறைக்குள் வர முதலே அவன் தலை முதல் பேஸ் பக்கம் திரும்பிவிட்டது. ஓடுகிறவனைப் பார்த்துவிட்டான். எனக்கும் அது அண்டைக்குக் காலமை பஸ்ஸில் வைத்துத்தான் தெளிவாகப் பிடிபட்டது. மைதானத்தில் என் கண் கண்டது, மூளைக்குப் பிந்தித்தான் வந்தது.

"பாத்துக்கொண்டு நிண்டிருந்தால் பிடிச்சிருப்பான். சின்னப் பிள்ளையும் பிடிக்கும். இது ஹிட் எண்டால் உனக்கு ஹிட்தான் போட்டிருப்பன், அழுதுகொண்டு போட்டிருப்பன்."

ரஃபாயெல் இரண்டு தரம் பார்த்தான். என் தேத்தண்ணியைத் துடைத்துவிட்டு எழும்பிப் போனான்.

4. கார் பார்க்

மூன்றரைக்கு வேலை முடிந்து வெளியே வர, மார்செல் தன் காருக்குப் பக்கத்தில் நின்றார். கையில் என் ஸ்கோர் தாள், ஒரு அழிறப்பர். அழிறப்பரையும் கொண்டுவந்திருந்தார் அந்த மனுசன்!

"அஞ்சு நிமிச வேலை. அழிச்சு ஹிட் எண்டு போட்டுக் கையெழுத்து வையுங்கோ."

வீடியோவில் கண்டதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "மிஸ்யூ" போய்விட்டது, "நீங்கள்" போய்விட்டது.

"நீர் கிரிக்கெட்காரன். உமக்கு இந்த விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்? முதல் வருசம் கால் இடுக்கால போன பந்துக்கு ஹிட் குடுத்த ஆள் நீர். அது ஹிட் எண்டால் இது எப்பிடிப் பிழை?"

நெஞ்சில் குத்தினமாதிரி இருந்தது. பதினொரு வருசமாக நான் எனக்கே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அதைத் தூக்கி, தன் மருமகனுக்காக என் முகத்தில் எறிகிறார். 

"அண்டைக்குப் பிழை விட்டது நான். அதை மாத்தச் சொல்லி உங்களிட்டக் கெஞ்சினனான். விதி எண்டால் விதி எண்டு சொன்னது நீங்கள்தான். இப்ப மணி என்ன?"

"நாலுக்குப் பத்து."

"அப்ப பத்து நிமிசம் நிண்டு பாப்பம்."

நின்றோம். கன்டெய்னர் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. பத்து நிமிசமும் எனக்கு வேர்த்து வழிந்தது, இரண்டு தரம் தாளுக்குக் கை நீளப் பார்த்தது. நான் கையைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு அவர் தாளைக் காருக்குள் எறிந்தார்.

"வாற வருசம் எல்லாம் ரப்லெற் கொம்பியூட்டரில. உம்மட தேவை இல்லை."

சொன்னபடியே செய்தார். என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. கேடயத்தைப் பற்றி இல்லை, வேலை போனதைப் பற்றியும் இல்லை. விதி எங்களுக்கு மட்டும்தான் விதி, தங்கட ஆளுக்கு அழிறப்பர் என்று நினைத்தாரே, அதுதான்.

ஸ்கோர் எழுதப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தெரியாததைக் கேளுங்கள், அண்டைக்கே கேளுங்கள். எழுதினபிறகு வருகிறவர்கள் உங்களைப் பற்றித்தான் கேட்பார்கள், எங்கேயிருந்து வந்தனீர், எவ்வளவு தெரியும், ஆருக்குப் பயம் என்று. நீங்கள் பந்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சீசன் முடிய ரஃபாயெல் இரண்டு மட்ச் தாளினதும் பிரதி எடுத்துக்கொண்டு வந்தான், கடைசி மட்ச்சும் எங்கட முதல் மட்ச்சும். இரண்டிலும் கையெழுத்துப் போடச் சொன்னான். கடைசித் தாளில் உடனே போட்டேன். முதலாவது தாளில் அந்த ஹிட் அப்படியே இருந்தது. லீக்கின் புத்தகத்திலும் அது அப்படியேதான் இருக்கும், இனி மாறாது. விளையாடுகிறவர்களுக்கு ஒன்பது வரைக்கும்தான் இலக்கம். அந்த ஹிட்டுக்குப் பக்கத்தில் E10 என்று எழுதி, அதுக்குக் கீழே என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.