ஹேவாஹெட்டயில் ஒரு சுறா

நான் முதன்முதலாகக் கண்ட கடல் மலைநாட்டு ஹேவாஹெட்டயில் இருந்தது. எங்கள் தோட்டப் பாடசாலை மைதானத்தில் நான்கு நீலப் பொலித்தீன் விரிப்புகளைப் போட்டு நாங்களே அதை உண்டாக்கினோம். கவாத்து வெட்டிய தேயிலைச் செடிகளின் காய்ந்த மிலாறுக் குச்சிகளுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசி நட்டதும் பவளப்பாறையும் வந்துவிட்டது. நிஜக் கடலைப் பார்த்தவர் விஞ்ஞான டீச்சர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் கடல் விஷயத்தில் அவர் பேச்சை அதிபர்கூட மறுப்பதில்லை.

கலைவிழாவுக்கான நாடகம் அது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பது பேரும் சின்ன மீன்கள். எல்லோருக்கும் ஒரே நீல முகமூடி, ஒரே வால். டீச்சர் கையசைக்கும் பக்கம் கூட்டமாகத் திரும்ப வேண்டும். எட்டாம் ஆண்டில் படித்த நெட்டை அண்ணன்தான் சுறா. எந்த மீனைப் பிடிப்பதென்று தெரியாமல் குழம்பி, பசியோடு திரும்பிப் போவது அவனுடைய நடிப்பு.

"கூட்டத்தை விட்டு ஒருத்தரும் விலகப்படாது பிள்ளையள். விலகினா சுறா பிடிச்சுப்போடும்" என்று டீச்சர் தினமும் சொன்னார். சுறாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

எனக்கு வேறு கவலை. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் ஆண்டு வரை வந்த முதல் ஆள் நான். நான் நடிப்பதைப் பார்க்கவென்றே அம்மா விழாவன்று அரை நாள் கொழுந்து பறிக்கப் போகாமல் வருகிறார். முப்பது நீல முகமூடிகளில் என்னை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்? தலையில் சிவப்பு ரிப்பன் கட்டட்டுமா என்று டீச்சரைக் கேட்டேன்.

"மீனுக்கு ரிப்பனோ?" என்றார். அத்தோடு முடிந்தது.

நாடகம் தொடங்கியது. வலப்பக்கம் திரும்பினோம், இடப்பக்கம் திரும்பினோம். கம்பி வேலியோரம் குடையோடு நின்ற அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னைத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, கூட்டத்தை விட்டு நான் மட்டும் வெளியே நீந்தி வந்தேன். வேலிக்கு முன்னால் நின்று கைகளைச் செட்டைபோல் ஆட்டினேன்.

ஒரு மாதமாகப் பசியோடு திரும்பிப் போய்ப் பழகிய சுறாவுக்கு அது பொறுக்கவில்லை.

"மாட்டுன" என்றான்.

ஓடினேன். பவளப்பாறை சரிந்தது. அவன் என் வாலைப் பிடித்து நிஜமாகவே இழுத்தான். நான் அலறினேன். அடுத்த கணம் வேலியைத் தாண்டி வந்த அம்மா சுறாவின் வாலைப் பிடித்திருந்தார்.

"விடுடா புள்ளைய. உனக்கு வேற மீனே கெடைக்கலயா?"

"அத்த, நான் சுறா அத்த. தனியா வந்தா புடிக்கணும்னு டீச்சர்தான் சொன்னாங்க."

குடை அவன் முதுகில் இரண்டு தடவை இறங்கியது. மீதி இருபத்தொன்பது மீன்களும் சொல்லிக்கொடுத்தபடியே ஒழுங்காக இடப்பக்கம் திரும்பின. டீச்சர் மைக்கைப் பிடித்து, "கடலுக்கை சில நேரம் இப்பிடியும் நடக்கும்" என்றார். அன்று அதிகம் கைதட்டல் வாங்கியது எங்கள் நாடகம்தான்.

வீடு போகும் வழியெல்லாம் அழுதேன். "ஒங்களுக்கு என்னையத் தெரியணும்னுதானே வெளிய வந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க."

அம்மா குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டே நடந்தார். "மொதல்லயே தெரிஞ்சிருச்சு. மத்த மீனெல்லாம் டீச்சர் கையப் பாத்து நீந்துச்சு. ஒண்ணு மட்டும் கரையப் பாத்துக்கிட்டே நீந்துச்சு."

அழுகை சட்டென்று நின்றது. அதை என் நடிப்புக்குக் கிடைத்த பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன். முப்பது மீன்களில் நன்றாக நீந்தியது நான்தான் என்று அம்மாவே சொன்னதாக, திங்கட்கிழமை வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.