ஆறாவது தடவை தொழிலை விட்டது

வீடு கட்டும் காண்ட்ராக்ட் தொழிலை எப்படி விடுவது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம் அனுப்பலாம். நான் அதை ஐந்து தடவை விட்டவன். ஒவ்வொரு தடவையும் ஊருக்கெல்லாம் சொல்லி, கடையில் இருந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் விட்டேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு டீக்கடைக்காரர், "ஏனுங்க, இந்த வருசம் எப்பங்க விடறீங்க?" என்று மாரியம்மன் நோம்பி தேதியைக் கேட்பது போலக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியைச் சுற்றி நான் கட்டிய வீடுகள் எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை. ஒழுகும் வீடுகள் எத்தனை என்று வேண்டுமானால் சொல்ல முடியும். அந்த வீட்டுக்காரர்கள் போன் பண்ணுவார்கள். கேரளா என்றால் எப்போதும் மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் மழை மலையோடு நின்றுவிடும், காற்று மட்டும்தான் கணவாய் வழியாக வந்து சேரும். என் தொழிலைக் காப்பாற்றியது அதுதான். நான் போட்ட ரூஃப் ஒழுகுமா ஒழுகாதா என்று தெரிய நாலைந்து வருடம் ஆகும். அதற்குள் அந்த வீட்டுக்காரரின் தம்பிக்கும் ஒரு வீடு கட்டி முடித்திருப்பேன்.

ஒரே ஒரு தடவை பேராசைப்பட்டு மலை மேல் தேவிகுளம் பக்கம் ஒரு வீட்டை எடுத்தேன். அங்கே மழை நாலு வருடம் பொறுத்திருப்பதில்லை. ரூஃப் போட்டு முட்டுப் பலகையைப் பிரித்த மறுவாரமே வந்துவிட்டது. வீட்டுக்காரர் உள்ளே குடை பிடித்து நின்றபடி, "என்ன காண்ட்ராக்டரே, மழ வெளிய விட்டுருச்சு, உள்ள இன்னும் விடலயே" என்றார். அவர் தென்பக்கத்துக்காரர், பேச்சில் கோபமே இருக்காது. அதன் பிறகு மலை ஏறி வேலை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நான் காண்ட்ராக்டர் ஆனதே தற்செயல்தான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. சித்தாளாகப் போய், கொத்தனாராகி, ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு வீடு பாதி எழும்பியபோது, மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று திருப்பூருக்குப் போனவர் வரவேயில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "நீ முடிச்சுப்போடுவியா?" என்றார். முடிப்பேன் என்று சொன்னேன். மாடிப்படிக் கணக்கு எனக்குத் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் மாடி ஏறினால் கடைசி மூன்று படியைக் குனிந்துதான் கடக்க வேண்டும். வீட்டுக்காரர் குள்ளம், அதனால் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு வந்த மருமகன் குள்ளமில்லை. கல்யாணத்தன்று நெற்றியில் சந்தனத்துக்கு மேல் ஒரு பிளாஸ்திரியோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். நான் பின்வாசல் வழியாகச் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

சொல்ல வந்தது ஆறாவது தடவையைப் பற்றி.

என்னிடம் ஒரு மேஸ்திரி இருந்தான். இருபது வருடத்துக்கு மேல் கூடவே இருந்தவன். மலையாளப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. பஞ்சாயத்தில் பெர்மிட், ஓவர்சியர் கேட்கும் காகிதம் எல்லாவற்றையும் அவன் படிப்பான், எழுதுவான். அவன் விரல் வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். போட்டுவிட்டு அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பேன், ஓவர்சியர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காக. ஒரு தடவை தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் என் முழங்கால் போனது. ஒரு சாரத்தில் ஏறிவிட்டேன், இறங்க முடியவில்லை. ஒடிசாக்காரப் பையன்கள் நாலு பேர் சிமெண்ட் மூட்டையை இறக்குவது போல என்னைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். கீழே வந்து நின்றதும் அவர்களை ஒரு அதட்டு அதட்டினேன், மூட்டையை இப்படித்தான் இறக்குவதா என்று. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, போதும் என்று. தெரிந்த பிறகுதான் டீச்சர் வீட்டு வேலையை ஒப்புக்கொண்டேன்.

டீச்சர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். அஸ்திவாரம் முடிந்த அன்று, டீ குடிக்கும் நேரத்தில், மேஸ்திரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணா, ஒன்னு கேக்கோணுங்க."

"கேளு."

"கஞ்சிக்கோட்ல ஒரு கம்பெனில கட்டட வேலை பூராத்தையும் பாத்துக்கறதுக்கு காண்ட்ராக்ட் ஆள் தேடறாங்க. காம்பவுண்டு, தரை, சாக்கடைன்னு வருசம் பூரா இருக்கும். வர்ற திங்கக்கெழம பதில் சொல்லோணும்."

"போலாம்னு இருக்கியா?"

"எனக்கு நாப்பத்தஞ்சு ஆச்சுங்ண்ணா. இன்னும் பத்து வருசம் சாரத்துல ஏறுவேன். அதுக்குள்ள என்ற பேர்ல ஒன்னு வேணுமுங்க. நீங்க நெசமாவே விடறதுன்னா நான் இங்கயே நின்னு இந்த ஊட்ட என்ற பேர்ல முடிக்கறேன். விடலைன்னா அதையாச்சும் சொல்லிப்போடுங்க. கஞ்சிக்கோடு போயிக்கறேன்."

"நான் எப்பப்பா விடமாட்டேன்னேன்?"

"நீங்க எப்பவுமே விடமாட்டேன்னு சொன்னதில்லீங்க. அதுதானுங்க இத்தன வருசமா பிரச்சினையே."

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் வீட்டுக்கு வாசக்கால் வைக்க நாள் பார்த்திருந்தார்கள். எங்கள் பக்கம் வாசக்கால் நிறுத்தி முடிந்ததும் வீட்டுக்காரர் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில் வைத்துக் கொடுப்பார். அந்தத் தட்டை வாங்குகிறவர்தான் காண்ட்ராக்டர். காகிதத்தில் யார் பெயர் இருந்தாலும் ஊர் பார்ப்பது அதைத்தான். நான் மேஸ்திரியிடம் சொன்னேன், "வெள்ளிக்கெழம தட்ட நீ வாங்கு. நான் ஓரமா நின்னுக்கறேன்."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ஓரமாவா?"

"ஓரமாத்தான்."

டீச்சருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "ஆறாவதுங்களா? இந்தத் தடவ யாருக்கும் டீ வாங்கித் தராதீங்க. ஒருவேள அதனாலதான் பலிக்கலையோ என்னமோ."

வெள்ளிக்கிழமை காலையில் நான் கிளம்பும்போது மறுபடி அவளே கேட்டாள், "ஓரமா நிக்கறதுக்கு இஸ்திரி போட்ட வேட்டி எதுக்குங்க?"

உண்மையாகவே ஓரமாகத்தான் நின்றேன். மணல் குவியலுக்குப் பின்னால். மேஸ்திரி புதுச் சட்டை போட்டிருந்தான். அவன் மனைவி பட்டுச்சேலை கட்டி வந்து அக்கம்பக்கத்துப் பெண்களோடு நின்றாள். அவள் எந்த வீட்டு வாசக்காலுக்கும் வந்து நான் பார்த்ததில்லை. ஆசாரி மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, அடியில் நவதானியம் போட்டதும், எல்லோருமாக வாசக்காலைத் தூக்கி நிறுத்தினார்கள். எனக்கு அது ஒரு நூல் சாய்ந்திருப்பது போலத் தெரிந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார்களா என்று பார்க்கலாமே என இரண்டு அடி முன்னால் போனேன். இரண்டு அடியில் சரியாகத் தெரியவில்லை. இன்னும் நாலு அடி. வாசக்கால் நேராகத்தான் இருந்தது. ஆனால் நான் அதற்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

டீச்சர் தட்டோடு வந்தார். வந்தவர் என்னைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பொதுவாக நீட்டினார். முப்பத்தைந்து வருடமாகத் தட்டு வந்தால் நீண்டு பழகிய கை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, "நல்லா இருங்க" என்று வாழ்த்தும் சொன்னேன். யாரோ போனில் படம் எடுத்தார்கள். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மேஸ்திரி குனிந்து வாசக்காலுக்கு அடியில் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தான். அந்த ஆப்பு ஏற்கெனவே இறங்கிவிட்டது. ஆனாலும் அடித்துக்கொண்டே இருந்தான். நான் நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தபோது அவன் மனைவி அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்து தட்டை வைத்தேன்.

"ஏதுங்க இது?" என்றாள் மனைவி.

"டீச்சர் குடுத்தாங்க."

"யாருக்குங்க குடுத்தாங்க?"

நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன். வலிக்கவில்லை, ஆனால் அந்த நேரத்துக்கு அது உதவியாக இருந்தது. அவள் தட்டைத் தொடவில்லை. வெற்றிலை அதிலேயே வாடியது.

சனிக்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. போன் பண்ணினேன். எடுத்தான். "திங்கக்கெழம கஞ்சிக்கோடு போறனுங்ண்ணா. டீச்சரூட்டுக்கு வேற ஆள் பாத்துக்குங்க," என்றான். குரல் சாதாரணமாகவே இருந்தது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி, சாயங்காலத்துக்குள் சரிபண்ணியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். புது வெற்றிலை வைத்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மட்டும் சொன்னாள்.

அவன் வீடு வேலந்தாவளம் போகும் வழியில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் உள்ளே போனதில்லை. முழங்கால் நன்றாக இருந்தவரை ரோட்டில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பேன், அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வருவான். அன்றைக்குத்தான் படி ஏறினேன். படிகள் எல்லாம் ஒரே உயரம். உள்ளே போனதும் என் கண் நேராக மேலே ரூஃபுக்குப் போனது. ஈரத் தடம் ஒன்றுகூட இல்லை. அவனே கட்டிய வீடு. என்னிடம் தொழில் கற்றவன் கட்டியது போலவே இல்லை.

அவன் மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வாங்ண்ணா. ஒக்காருங்க. ஓரமா ஒக்காரோணும்னு இல்லீங்க, நல்லா நடுவுலயே ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே பின்பக்கத்திலிருந்து வந்தான். தட்டை நீட்டினேன்.

"அது உங்களுக்குக் குடுத்ததுங்ண்ணா."

"தெரியாம கை போயிருச்சுப்பா."

"தெரியாமப் போன கை வாழ்த்துஞ் சொல்லுச்சுங்களா?" என்றாள் அவன் மனைவி.

"நீ செத்த சும்மா இரு," என்றான் அவன், அவ்வளவு அழுத்தமாக இல்லை.

"கஞ்சிக்கோடு வேண்டாம். நான் விட்டுட்டேன், நெசமா," என்றேன்.

அவன் நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்துகொண்டான். "நாளைக்கி அவங்ககிட்ட வரலைன்னு சொல்லிப்போடறேன்னு வெச்சுக்குங்க. செவ்வாக்கெழம நீங்க சைட்டுல வந்து நின்னா நான் எங்க போறதுங்க? அந்தக் கம்பெனி எனக்காகக் காத்திட்டிருக்காது."

"வரமாட்டேன்."

"வருவீங்ண்ணா."

நீட்டிய தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். "வருவேன்," என்றேன்.

அவன் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று நான் சொன்னதில் அவன் நம்பியது அந்த ஒரு வார்த்தையைத்தான் என்று நினைக்கிறேன். சுவரை விட்டு வந்து எதிரில் உட்கார்ந்து நிபந்தனை போட்டான். ரூஃப் காங்கிரீட் போட்டு முடிக்கும் வரை டீச்சர் வீட்டுத் தெருவில் நான் கால் வைக்கக் கூடாது. இப்போதே, இங்கேயே, டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் போட வேண்டும். ஸ்பீக்கர் என்று சொன்னது அவன் மனைவி.

போட்டேன். "டீச்சர், நான் வேலைய விட்டுட்டனுங்க. இனி உங்க ஊட்டு காண்ட்ராக்டர் மேஸ்திரிதான். தட்டு அவருக்குச் சேர வேண்டியது, நான் வாங்கிட்டேன். தப்புத்தானுங்க."

அந்தப் பக்கம் டீச்சர் கொஞ்சம் பதறுவார், அப்படிச் சொல்லாதீங்க, நீங்க இல்லாம எப்படிங்க என்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"சரிங்க," என்றார் டீச்சர். "அவரு பக்கத்துல இருக்காருங்களா? ஜன்னல் உசரம் பத்திக் கேக்கோணும், செத்த குடுங்க."

என் போனில் இரண்டு பேரும் கால்மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். ஜன்னல், சமையல் மேடை, பாத்ரூம் சரிவு. நான் கட்டிய பாத்ரூம்களில் தண்ணீர் வாசல் பக்கம்தான் ஓடும். சரிவு பற்றிப் பேச்சு வந்தபோது அவன் என் பக்கம் பார்க்காமல் பேசினான், அதற்கு நன்றி. நான் போன் திரும்பி வரும் வரை காத்திருந்தேன். அதற்குள் அவன் மனைவி தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். நல்ல காப்பி.

திங்கள்கிழமை அவன் கஞ்சிக்கோட்டுக்குப் போகவில்லை.

அதன் பிறகு மூன்று மாதம் டீக்கடைக்கு வாய்க்கால் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். டீச்சர் வீட்டுத் தெரு வழியாகப் போனால் இரண்டு நிமிடம், இந்த வழியில் கால்மணி நேரம். ஓய்வு எடுத்தால் முழங்கால் சரியாகும் என்ற டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. கடைக்காரர், "என்னங்க, சுத்திட்டு வர்றீங்க?" என்றார். நடக்கச் சொல்லியிருக்காங்க என்றேன். ஊரில் எனக்கு சர்க்கரை என்று பேச்சு கிளம்பி, கடையில் சர்க்கரை இல்லாத டீயாகத் தர ஆரம்பித்தார்கள். விளக்கம் சொல்லப்போனால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். குடித்தேன்.

ரூஃப் போடும் நாள் வந்தது. காலையில் கலவை மெஷின் ஓட ஆரம்பித்தது எங்கள் வீட்டு வரைக்கும் கேட்டது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கலவையில் தண்ணீர் கூடினால் மெஷின் சத்தத்திலேயே தெரியும். அப்படித்தான் முப்பத்தைந்து வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன், அது சரியா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. பத்து மணி வாக்கில் சத்தம் எனக்குக் கொஞ்சம் இளகலாகப் பட்டது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். தெருவில்தானே கால் வைக்கக் கூடாது, போன் பண்ணலாம் என்று தோன்றியது.

மணி அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. காங்கிரீட் ஓடும்போது போனைத் தொடக் கூடாது என்பது என் சட்டம். அதற்காக ஒரு தடவை அவன் போனைப் பிடுங்கி மணலில் எறிந்திருக்கிறேன். இன்னொரு தடவை போட்டு, காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"யாருக்குங்க போனு?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"யாருக்குமில்ல. மணி பாத்தேன்."

"மணியக் காதுல வெச்சா பாப்பாங்க?"

போனை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். மெஷின் சாயங்காலம் வரை ஓடியது, நான் வாசலை விட்டு இறங்கவில்லை.